பிரேக்கில் இருந்தவன்

பக்தவத்சலத்துக்கு முதல்முறை பிரேக் கொடுத்தபோது நீலா அதை நல்ல சேதி என்று நினைத்துக் கறி வாங்கிவரச் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து புனேவுக்கு வந்த புதிது. ஆரணிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு உடைப்பது என்ற ஒரே அர்த்தம்தான் தெரியும். கம்பெனியில் எதை உடைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று விளங்காமல், வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள சாளில் பக்கத்து அறையில் இருந்த மராத்திக்காரப் பெண்ணிடம் கேட்டாள். அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, டீ குடிப்பதுபோல் கையைக் காட்டினாள். இளைப்பாறும் நேரம். ஓகோ, லீவு விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள் நீலா. பக்தனும் மறுபேச்சு பேசாமல் கறி வாங்கி வந்தான். இரண்டாவது கை சோறு பிசையும்போதுதான் விஷயத்தைச் சொன்னான். ஏழு மாதம் வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று எல்லா டெம்பரரி ஆட்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்துப் புது ஆள்போல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

"அப்ப நீங்க பழைய ஆளா, புது ஆளா?" என்று கேட்டாள்.

"வேலை பழசு. ஆள் புதுசு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த கறியை மறுபடி சட்டியிலேயே போட்டுவிடலாமா என்று அவளுக்கு இருந்தது.

துரத்துவதற்கு ஓய்வின் பெயரை எவன் வைத்தானோ தெரியாது. ஆகுர்டியிலிருந்து சின்ச்வட் வரைக்கும் அத்தனை கம்பெனி வாசலிலும் அந்தப் பெயர்தான். "பிரேக் மிளாலா" என்பான் மராத்திக்காரன். "பிரேக் தே தியா" என்பான் பீகார்க்காரன். "பிரேக் குடுத்துட்டான்" என்பான் தமிழன். மூன்று மொழிக்காரனும் கையில் ஒரு பரிசைக் கொடுத்து அனுப்பியதுபோலவே சொல்வான். டீ குடிக்கக் கால் மணி நேரம் விடுவதும் பிரேக். சோறுபோட்ட வேலையைப் பிடுங்குவதும் பிரேக். முதலாவது முடிந்தால் சைரன் ஊதி உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டாவதற்குச் சைரன் கிடையாது.

அப்படியே வருடங்கள் போயின. பிரேக்கில் இருக்கும் மாதங்களில் பக்தன் பிம்ப்ரி மண்டியில் மூட்டை தூக்கினான். கணபதிக்குப் பந்தல் கட்டினான். ஒருமுறை ரஞ்சன்காவ் வரைக்கும் போய் அங்கே ஒரு ஏழு மாதம் பார்த்து, அங்கேயும் பிரேக் வாங்கிக்கொண்டு வந்தான். ஆனாலும் மனசு முழுக்க அந்த ஆகுர்டி கம்பெனியில்தான். வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் பிரஸ் கம்பெனி அது. அங்கே பர்மனென்ட் ஆகிவிட்டால் மகள் வைஷுவை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், ஒரு அறையும் அடுப்படியும் தனியாக உள்ள வீட்டுக்குப் போகலாம் என்பது அவன் கணக்கு. பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆள் குள்ளம். கழுத்து என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அதனால் சட்டையின் மேல் பட்டனைப் போடவே மாட்டான், மூச்சு முட்டுகிறது என்பான். கல்யாணத்தன்று ஸ்டூடியோக்காரர் கெஞ்சிக் கேட்டும் போடவில்லை. பொய் சொல்லத் தெரியாது. சாராயத்தின் வாடையே ஆகாது. பந்தல் வேலை முடிந்து கூட்டாளிகள் குடித்துவிட்டு வந்தால், அவர்களை அவரவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர்களுடைய பெண்டாட்டிகளிடம் இவன் திட்டு வாங்கிக்கொண்டு வருவான்.

அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அருணாச்சலம். ஒரே ஊர்க்காரர், வயதில் மூத்தவர், அங்கே பர்மனென்ட். தேஹு ரோட்டில் சொந்த வீடு, இரண்டு பையன்கள். எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். பேசும்போது விரல் அடிக்கடி மேலே போய் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். பக்தன் அவரைக் கேலி செய்வான், "அண்ணா, உங்க கழுத்தை யாரு திருடிக்கினு போவப் போறாங்க?" என்று. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தம்பிமேல் பிரியம்தான். அந்தப் பிரியம் எதுவரை என்பது பிறகுதான் தெரிந்தது.

தசராவன்று கம்பெனியில் இயந்திரங்களுக்குப் பூஜை நடக்கும். குடும்பத்தோடு வரலாம், ஆனால் பர்மனென்ட் ஆட்களின் குடும்பம் மட்டும். ஒரு வருடம் அருணாச்சலம் தன் தங்கை என்று சொல்லி நீலாவை உள்ளே அழைத்துப்போனார். பக்தனின் பிரஸ்ஸுக்குச் செவ்வந்தி மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அந்த இயந்திரம் யானை உயரம் இருந்தது. பக்தன் அவள் உள்ளங்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். ஜில்லென்றிருந்தது.

"இது உங்கள பர்மனென்ட் ஆக்குமா?" என்று கேட்டாள்.

"இதுகிட்ட உட்டா இன்னிக்கே ஆக்கிடும். மனுசங்ககிட்டல்ல கெடக்குது" என்றான்.

அந்த மனிதர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆர்டர் நெருக்கடியானால், பிரேக்கில் இருக்கும் ஆட்களுக்கே சூப்பர்வைசர் சொல்லி அனுப்புவார். பின்வாசல் வழியாகப் போகவேண்டும். கார்டு கிடையாது, எதிலும் பெயர் இருக்காது. வீட்டுச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே யாருடைய பழைய யூனிஃபாரத்தையாவது மாட்டிக்கொண்டு வேலை பார்க்கவேண்டும். போகாவிட்டால் அடுத்தமுறை எடுக்கமாட்டார்கள். அதனால் எல்லோரும் போனார்கள். கூப்பிட்டார்களே என்று பெருமையாகக்கூடப் போனார்கள். எத்தனையோ மாதம் பார்க்காத காதலியைப் பார்க்கப் போவதுபோல் தலைவாரிக்கொண்டு போன ஆட்களை நீலா பார்த்திருக்கிறாள்.

அவள் சண்டை போட்டாள். பெயரே இல்லாத இடத்தில் போய் நிற்பதா, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கேட்பது என்றாள். பக்தன் எப்போதும் சொல்வதையே சொன்னான். அண்ணன் பேசியிருக்கிறார், அடுத்த பர்மனென்ட் லிஸ்டில் நம் பெயர் வருகிறது, இப்போது போய் முகம் கோணக்கூடாது.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆனி மாதம். தேஹுவிலிருந்து வந்த பால்கி என்னும் சாமிப் பல்லக்கு ஊர்வலம் ஆகுர்டியில் தங்கிவிட்டுப் புறப்பட்டுப் போயிருந்தது. தெருவெல்லாம் வாழைப்பழத் தோலும் சேறுமாகக் கிடந்தது. விடாத மழை. பிரேக்கில் இருந்த பக்தன் நீலக் கட்டம் போட்ட சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பின்வாசல் வேலைக்குப் போனான். மத்தியானம் சாளுக்கு ஆள் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை அவள் பார்த்தபோது உயிர் இல்லை. வழியில் டெம்போ இடித்துவிட்டது என்றார்கள். கொண்டுவந்து சேர்த்தவர்கள் சூப்பர்வைசரும் அருணாச்சலமும். கம்பெனிக்கும் இவனுக்கும் இப்போது சம்பந்தமில்லை, பிரேக்கில் இருந்தவன், ரோட்டில் கிடந்ததைப் பார்த்து இரக்கப்பட்டுத் தூக்கி வந்தோம் என்று சூப்பர்வைசர் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடித்திருப்பான்போல என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். அருணாச்சலம் சுவரோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

நீலா அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் சேற்றில் விழுந்தவனின் சட்டையில் சேறு இல்லை. நெஞ்சு உள்ளே போயிருந்தது, அதன் மேலிருந்த சட்டையில் ஒரு கிழிசல்கூட இல்லை. ரப்பர் செருப்போடு போனவனின் காலில் பூட்ஸுக்குள் போடும் தடித்த சாம்பல் நிறக் காலுறை. பூட்ஸைக் கழற்றிய அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருந்தார்கள். சட்டையின் மேல் பட்டன் கழுத்தை இறுக்கிப் போடப்பட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டாள். அவனுக்கு மூச்சு முட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான், இனி முட்டாது என்பது உறைத்தது.

அடுத்து வந்த நாட்களில் அவனோடு வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனாள். உள்ளே இருந்தாரா என்று மட்டும் கேட்டாள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். ஒருவன் மனைவியை விட்டு, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான். எல்லோருக்கும் அடுத்த லிஸ்ட் இருந்தது. யூனியன் ஆபீஸில், டெம்பரரி ஆட்கள் எங்கள் மெம்பர் இல்லையே தாயி என்றார்கள். வக்கீல், பார்த்தவன் ஒருத்தனைக் கூட்டி வா, பிறகு பேசலாம் என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேஹு ரோட்டுத் தமிழர்கள் ஏழெட்டுக் குடும்பம் வந்திருந்தது. அருணாச்சலமும் வந்தார், கம்பெனியிலிருந்து ஒரு சேதியோடு. முதலாளிக்கு மனசு கேட்கவில்லையாம். பக்தனுக்குத் தம்பி இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். எத்தனை மாதத்துக்கு என்று நீலா கேட்டாள். வழக்கம்போல ஏழு மாதம்தான், அப்புறம் ஒரு சின்ன பிரேக், என்று சொல்லிக்கொண்டே அவர் இலையின்முன் உட்கார்ந்தார். பேசும்போது விரல் மேலே போய்க் கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

நீலா அந்த விரலையே பார்த்தாள். சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அவரு மேல் பட்டன் போட மாட்டாரு."

அருணாச்சலம் நிமிரவில்லை.

"கல்யாண போட்டோவுலகூடப் போடல. நீங்களும் அங்கதான் நின்னுக்கினு இருந்தீங்க."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு உள்ளதான் இருந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். குடிச்சிட்டு ரோட்ல கெடந்தாருன்னு எம் பொண்ணு கேட்டுக்கினு வளரக்கூடாது."

"என் பசங்க படிக்குதுங்க நீலா" என்றார் மெதுவாக. "அவன் பிரேக்ல இருந்தான்மா. நான் என்னான்னு சொல்றது?"

"எழுந்திருங்க" என்றாள். "இந்த எலையில சாப்பிடாதீங்க."

இலையில் உட்கார்ந்த மனிதரை எழுப்புவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதுவும் செத்தவனுக்காகப் போட்ட இலையில். பெரியவர்கள் சீறினார்கள். வேலை வாங்கிக் கொடுத்தவர், தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது இவளுக்கு என்றார்கள். நீலா குனிந்து இலையை எடுத்து, பரிமாறிய சோற்றோடு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். அருணாச்சலம் எழுந்து, செருப்பை மாட்டக்கூடத் தடுமாறிக்கொண்டு மழைக்குள் போனார். அதன்பிறகு தேஹு ரோட்டில் எந்த வீட்டிலும் நீலாவை விசேஷத்துக்கு அழைக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நிக்டியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. வைஷுவையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே காலையில் ஒரு பிரேக், மத்தியானம் ஒரு பிரேக். மணி அடித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவரும். அந்த வார்த்தையைக் கேட்டுக் குதிப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. பிறகு, பிள்ளைகள்மேல் என்ன கோபம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வைஷு நான்காவது படிக்கும்போது ஒருநாள் சாள் முற்றத்தில் விளையாடிவிட்டு ஓடிவந்து கேட்டாள். தமிழ் அவளுக்குத் தட்டித்தடவித்தான் வரும்.

"அம்மா, அப்பா தாரு குடிச்சி டெம்போக்கு கீழ வந்துட்டாரா? பக்கத்து ரூம் ஷீத்தல் சொன்னா. எல்லாருக்கும் தெரியுமாம், எனக்கு மட்டும்தான் தெரியாதாம்."

இல்லை என்றாள் நீலா. அப்பா கம்பெனிக்குள் வேலை செய்யும்போது செத்தார் என்றாள். வைஷு அம்மாவைப் பார்த்த பார்வையில், நீ அப்படித்தானே சொல்வாய் என்பது இருந்தது. அதற்குப்பின் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டதைவிட இது மோசம்.

இரண்டாயிரத்து நான்கில் ஒரு நாள், ஐந்தாம் வகுப்பு வாசலில் நீலா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஸ்நேஹா மிஸ் பிள்ளைகளை அகராதி புரட்ட வைத்து, ஒரு சின்ன வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை, பிரேக். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கண்ணாடியை உடைப்பது. சாதனையை முறியடிப்பது. வாக்குத் தவறுவது. விரதம் முடிப்பது. பொழுது விடிவது. கெட்ட சேதியை மெல்லச் சொல்வது. கிரிக்கெட்டில் பந்து திரும்புவது. சினிமாவில் முதல் வாய்ப்புக் கிடைப்பது. கூட்டத்திலிருந்து பிரிந்து போவது. மனம் நொறுங்குவது. மிஸ் கரும்பலகை முழுக்க மராத்தியிலும் இந்தியிலும் பொருள் எழுதினாள். இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தபடி நீலா காத்திருந்தாள். ஆகுர்டியிலிருந்து வரும் பிள்ளைகள் பாதிப்பேர். அவர்களுடைய அப்பன்கள் யாருக்காவது அந்த மாதமே பிரேக் கிடைத்திருக்கும். ஆனாலும் அந்த அர்த்தம் மட்டும் வரவில்லை. இத்தனை உடைப்புகளையும் எழுதிவைத்த புத்தகத்தில், ஒருவனை உயிரோடு இருக்கும்போதே இல்லாதவனாக்கும் காரியத்துக்கு ஒரு வரி இல்லை. வேலை நடுவில் செத்தவனை அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்ததே, அதற்கும் இல்லை. மணி அடித்தது. பிள்ளைகள் பிரேக் பிரேக் என்று கத்திக்கொண்டு ஈரத்தரையில் ஓடினார்கள். நீலா வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் தண்ணீரைக் கொட்டினாள். பாதித் தண்ணீர் சுவரில் அடித்தது.

அன்று சாயங்காலம் சாள் வாசலில் அருணாச்சலம் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பட்டன் போட்டிருந்தும் காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து தொங்கியது. கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், பையன்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். நீலா அவரை உட்காரச் சொல்லவில்லை. வைஷு பாயில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னார். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் தடுப்பை, வேலை மெதுவாகிறது என்று அன்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லியிருந்தார். சிக்கிய தகட்டை எடுக்கப் பக்தன் பாதி உடம்பை உள்ளே விட்டுக் குனிந்தபோது பிரஸ் இறங்கிவிட்டது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் அருணாச்சலம்தான்.

"சட்டைய மாத்துன்னு சொன்னாரு. இல்லாட்டி கம்பெனிய மூடிடுவாங்க, எல்லாரும் தெருவுலதான்னாரு. நான்தான் போட்டுவிட்டேன் நீலா. ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருந்தது."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"பட்டன் சொல்லிச்சி. அதைத்தான அன்னிக்கு எலையில கேட்டேன்."

அவர் கைகூப்பினார். எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், எழுதிக் கொடுக்கிறேன், கோர்ட்டானாலும் சரி என்றார்.

"இப்ப உங்களுக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் வாய் வந்துகீது" என்றாள் நீலா. குரல் உயரவில்லை. "ஓய்வு வாங்கிக்கினு, பசங்கள கரை சேத்துட்டு, மனசுல இருக்கிறத எறக்கிவைக்க எங்கூட்டு வாசல் கெடைச்சிதா?"

நீலா வைஷுவை எழுப்பிச் செருப்புப் போடச் சொன்னாள். எழுதுவதெல்லாம் பிறகு, முதலில் வாங்க என்று அவரையும் கூட்டிக்கொண்டு சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஏறினாள்.

கம்பெனி வாசலில் செகண்ட் ஷிப்ட் டீ நேரம். டப்ரி டீக்கடையில் பொடியன்கள் கூட்டமாக நின்று வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் யூனிஃபாரத்தில். கொஞ்சம் தள்ளி, பின்வாசல் சந்தின் முனையில், வீட்டுச் சட்டையோடு நாலைந்து பேர். நீலாவுக்கு அவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இன்னும் அதே பழக்கம். அதே தலைவாரல்.

"இங்க சொல்லுங்க" என்றாள். "இந்தியில சொல்லுங்க. எல்லாருக்கும் புரியணும். எம் பொண்ணுக்கும்."

அருணாச்சலம் சுற்றிலும் பார்த்தார். விரல் மேலே போயிற்று, பட்டனில் நின்றது. பிறகு சொன்னார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. சட்டை மாற்றிய இடம் வந்தபோது டப்ரிக்காரர் ஸ்டவ்வை அணைத்தார். எந்த பிரஸ் என்று ஒருவன் கேட்டான். சுவருக்கு அப்பால் கையைக் காட்டி, வரிசையில் கடைசி என்றார் அவர். கேட்டவன் தன் டீ கிளாஸைப் பார்த்தான். அவன் நிற்கும் இயந்திரம் அது என்று முகத்திலேயே இருந்தது.

சைரன் ஊதியது. யூனிஃபாரக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். சந்து முனையில் நின்றவர்களில் இரண்டு பேர் தலைகுனிந்து பின்வாசலுக்கு நடந்தார்கள். மற்றவர்கள் போகவில்லை. நின்றார்கள்.

வைஷு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். "அப்பா உள்ளதான் இருந்தாரு" என்றாள். கேள்வியாக இல்லை.

அருணாச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் கிளம்பட்டுமா என்பதுபோல் நீலாவைப் பார்த்தார். மன்னிப்பை எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ.

"இவனுங்க செகண்ட் ஷிப்ட்" என்றாள் நீலா. "நாளைக்குக் காலையில ஃபர்ஸ்ட் ஷிப்ட் டீ டைமுக்கு வந்துடுங்க. அவங்களும் கேக்கணும்."